திரையில் 82: நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம். நீங்கள் ஒரு மருத்துவமனையில் பயிற்சித் தொழில்நுட்பராகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டிலிருந்து ஒரு தாதி அழைக்கிறார். "நோயாளியின் விரலில் மாட்டியிருக்கும் ஆக்சிமீட்டர் 82 காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டது போலிருக்கிறது, வந்து பாருங்கள்" என்கிறார். நீங்கள் போகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?

பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

என்னுடைய முன்னாள் மாணவர் ஒருவரிடம் நேர்காணலில் கேட்கப்பட்ட கேள்வி இது. அவர் எஸ்.பி.எம். முடித்து, பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா பெற்றவர். மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் பயிற்சித் தொழில்நுட்பர் வேலைக்கு அழைப்பு வந்ததும், "சார், கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பள்ளிக்கே வந்துவிட்டார். நான் ஒரே இரவில் முப்பது கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஓம் விதி, டையோடு, டிரான்சிஸ்டர், மின்மாற்றி எல்லாம் அதில் இருந்தன. அவரும் வரி தவறாமல் மனப்பாடம் செய்தார்.

82 பற்றிய கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "கருவியைப் பட்டறைக்கு எடுத்து வந்து, திறந்து, சர்க்யூட் போர்டைச் சோதிப்பேன்." கேட்டவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அந்த 82 உண்மையான எண்ணாக இருந்தால்?" என்று மட்டும் கேட்டாராம். மாணவருக்கு வாயடைத்துப் போயிற்று. வேலையும் கிடைக்கவில்லை.

இதில் அவருடைய தவறைவிட என்னுடைய தவறே பெரிது. நான் கொடுத்த முப்பது கேள்விகளில் ஒன்றில்கூட நோயாளி என்று ஒருவர் இல்லை. எல்லாமே தனியாக மேசைமேல் கிடக்கும் கருவிகள். அதன் பிறகுதான் இந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு மூன்று பேரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். அவர்களிடம் கற்றதையும், நம் பாடநூலில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் 82க்கு வருவோம். விரலில் கவ்வி போல மாட்டும் அந்தச் சிறு கருவிக்குள் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. ஒன்று ஏறக்குறைய 660 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பொளி. மற்றொன்று ஏறக்குறைய 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பொளியை அதிகம் உறிஞ்சாமல் விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் இதற்கு நேர் எதிர். விரலின் மறுபக்கத்தில் வந்து சேரும் இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டால் ஆக்சிஜன் விழுக்காடு கிடைக்கும். ஆனால் எலும்பு, தோல், தசை எல்லாமும் ஒளியை உறிஞ்சுமே? அங்கேதான் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகியின் கெட்டிக்காரத்தனம். எலும்பும் தோலும் உறிஞ்சும் அளவு மாறுவதில்லை, தமனியில் ஓடும் இரத்தத்தின் அளவோ ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்குகிறது. அந்த ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று கண்டார். 1974இல் அவர் வெளியிட்ட இந்த எண்ணம்தான் இன்று உலகம் முழுவதும் விரல்களில் மாட்டியிருக்கிறது.

துடிப்பை நம்பி வேலை செய்யும் கருவி என்பது தெரிந்துவிட்டால், அது எங்கெல்லாம் தடுமாறும் என்பதும் தெரிந்துவிடும். விரல் குளிர்ந்து இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். நோயாளி கையை ஆட்டிக்கொண்டே இருக்கலாம். நகத்தில் அடர்த்தியான சாயம் இருக்கலாம். கவ்வி சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம். கருமையான சருமம் உள்ளவர்களுக்கு இது சில சமயம் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டுகிறது என்பதை 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம்மில் பலருக்கும் பொருந்தும் செய்தி அது.

இவை எல்லாம் கருவியின் பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு: நோயாளிக்கு உண்மையிலேயே மூச்சு முட்டிக்கொண்டிருக்கலாம். நலமாக இருப்பவருக்குப் பொதுவாக 95க்கு மேல் காட்ட வேண்டிய கருவி அது. 82 என்பது உண்மையானால், நீங்கள் ஸ்குரூ டிரைவரைத் தேடும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு ஆபத்து.

ஆகவே, எதிர்பார்க்கப்படும் பதில் இப்படிப் போகும். முதலில் நோயாளியைப் பார்ப்பேன். அவரைச் சோதிக்கும்படி தாதியைக் கேட்டுக்கொள்வேன். அது அவர் வேலை, என் வேலை அன்று. சந்தேகம் தீரும் வரை வேறொரு நல்ல கருவியை அங்கே வைக்க ஏற்பாடு செய்வேன். பிறகு கவ்வியைத் துடைத்து என் விரலில் மாட்டிப் பார்ப்பேன். எனக்கு 98 காட்டினால் கருவிமேல் சந்தேகம் குறையும். எனக்கும் குறைவாகக் காட்டினால், நன்றாக வேலை செய்யும் இன்னொரு கவ்வியை மாட்டுவேன். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் கருவியில் 'பயன்படுத்தக் கூடாது' என்று அட்டை கட்டி, பதிவேட்டில் எழுதி, பட்டறைக்கு எடுத்துச் செல்வேன். கருவியைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்றியிருக்கிறோம், கவனித்தீர்களா? முதலில் விரல், பிறகு கவ்வி. ஆய்வுக்கூடத்தில் பெம்போலே உபா என்று எழுதி எழுதிச் சலித்துப்போன அதே மாறிகள்தாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஊசலின் நீளத்தையும் எடையையும் சேர்த்து மாற்றக்கூடாது என்று படிவம் நான்கில் நான் கத்துவது இதற்காகத்தான்.

அடுத்து, இந்த நேர்காணல்களில் எதிர்பார்க்க வேண்டிய இன்னொரு கேள்வி: "நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியை ஏன் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும்?" 'பழுது வராமல் தடுக்க' என்று எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் பதில். மருத்துவக் கருவிக்கே உரிய பதில் ஒன்று இருக்கிறது, அது மூன்று முனைப் பிளக்குக்குள் இருக்கிறது.

வீட்டிலிருக்கும் பிளக்கை எடுத்துப் பாருங்கள் (சுவரில் செருகியிருக்கும்போது அல்ல!). மூன்று முனைகளில் மேலே இருப்பதே நீளமானது. அது எர்த். உள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி அதில் இணைந்திருக்கும். பழுப்பு நிறம் லைவ், நீலம் நியூட்ரல். உலோகப் பெட்டி உள்ள ஒரு கருவிக்குள் லைவ் கம்பி கழன்று பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் கம்பி வழியாகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் உருகி, மின்சாரம் துண்டிக்கப்படும். சரி, அந்த எர்த் கம்பியே உள்ளே அறுந்திருந்தால்? கருவி வழக்கம்போல் ஓடும். திரை ஒளிரும், எண்கள் வரும், அலாரம் அடிக்காது. வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும் குறை அது. அதனால்தான் பிளக்கின் எர்த் முனைக்கும் கருவியின் உலோகப் பெட்டிக்கும் இடையே உள்ள மின்தடையைச் சோதனைக் கருவியால் அளக்கிறார்கள். அது ஓர் ஓமுக்கும் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

இன்னொரு அளவையும் எடுப்பார்கள், கசிவு மின்னோட்டம். மலாய் மொழியில் அருஸ் போச்சோர். எந்த மின்கருவியிலும் இம்மியளவு மின்சாரம் கசியத்தான் செய்யும். ஆரோக்கியமான ஒருவர் கையால் தொட்டால், ஏறக்குறைய 1 மில்லியம்பியர் அளவில்தான் சுருக்கென்று உணரத் தொடங்குவார். 10 மில்லியம்பியரைத் தாண்டும்போது தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். நம் தோலின் மின்தடை ஓரளவு நம்மைக் காக்கிறது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரின் நிலை வேறு. இதயத்துக்குள் செலுத்திய ஒரு மெல்லிய குழாய் வழியாக மின்சாரம் நேரே போனால், தோலின் பாதுகாப்பு இல்லை. நாம் உணரவே முடியாத மைக்ரோஆம்பியர் அளவுகூட இதயத் துடிப்பைக் குலைக்கலாம். ஆகவே இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள பாகங்களுக்கு, வழக்கமான நிலையில் நோயாளி வழியே பாயும் கசிவு 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று ஐ.இ.சி. 60601 என்ற அனைத்துலகத் தரநிலை சொல்கிறது. நம் கை உணரும் அளவில் அது நூறில் ஒரு பங்கு!

இதைக் கருவியின் மேலேயே படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஒரு சதுரத்துக்குள் இதயம் வரைந்திருந்தால் சி.எஃப். வகை, மிகக் கடுமையான வரம்பு. சதுரத்துக்குள் மனித உருவம் இருந்தால் பி.எஃப். வகை, அதன் வரம்பு 100 மைக்ரோஆம்பியர். இதை எழுதும்போது எழுந்துபோய் என் அம்மாவின் இரத்த அழுத்தக் கருவியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த வில்லையில் சதுரத்துக்குள் அந்தக் குட்டி மனிதர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடம் வீட்டில் இருந்தும் கவனித்ததில்லை. உங்கள் வீட்டிலோ தாத்தா பாட்டி வீட்டிலோ அந்தக் கருவி இருந்தால் இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

கையில் எடுத்ததுதான் எடுத்தீர்கள், அந்த இரத்த அழுத்தக் கருவியை வைத்தே நேர்காணலுக்குப் பாதி தயாராகிவிடலாம். அது 120 என்று காட்டுகிறது. 120 என்ன? மில்லிமீட்டர் பாதரசம். படிவம் ஐந்தில் அழுத்தம் என்ற பாடத்தில் வரும் சூத்திரம்தான்: உயரம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் அழுத்தம். 0.12 மீட்டரை 13,600ஆலும் 9.81ஆலும் பெருக்குங்கள். ஏறக்குறைய 16,000 பாஸ்கல், அதாவது 16 கிலோபாஸ்கல். இப்போது ஒரு சின்ன வம்பு. கையை மேசைமேல் வைத்து ஒரு முறை அளவெடுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு அளவெடுங்கள். பட்டை இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினால், அந்த உயரத்துக்குரிய இரத்தத்தின் அழுத்தமும் கூடச் சேர்ந்து ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் பாதரசம் அதிகமாகக் காட்டும். இதே சூத்திரத்தில் பாதரசத்துக்குப் பதில் இரத்தத்தின் அடர்த்தியை, கன மீட்டருக்கு 1,060 கிலோகிராம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். "கருவி தவறாகக் காட்டுகிறது" என்று வரும் புகாரில், கருவி சரியாகவும் கை வைத்த இடம் தவறாகவும் இருக்கலாம். நேர்காணலில் இதை ஓர் உதாரணமாகச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்படியானால் கருவியே தவறா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னோர் ஆளின் கையில் கட்டிப் பார்த்தால் போதாது, ஒவ்வொருவருக்கும் அழுத்தம் வேறு. டி வடிவ இணைப்புக் குழாயின் ஒரு கிளையில் கருவியையும் மறு கிளையில் சரிபார்க்கப்பட்ட அழுத்தமானியையும் இணைத்து, இரண்டுக்கும் ஒரே அழுத்தத்தைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பொதுவாக 3 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். அளவுகோலையே இன்னோர் அளவுகோலால் சரிபார்க்கும் இந்த வேலைக்குத்தான் அளவுத்திருத்தம் என்று பெயர். இத்தொழிலில் பாதி நாள் இதில்தான் போகுமாம். தினமும் கருவிகளைப் பிரித்துப் போட்டு வீரதீரச் செயல் செய்யலாம் என்று நினைத்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நேர்காணலுக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஃபியூஸ் பற்றியும் கேட்கலாம். 60 வாட் கருவி, 230 வோல்ட். வகுத்தால் ஏறக்குறைய 0.26 ஆம்பியர். ஆகவே அதன் பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது உருகிவிட்டது, கையில் 13 ஆம்பியர் மட்டும்தான் இருக்கிறது, வார்டில் அவசரம். போடுவீர்களா? இதில் மின்சாரக் கணக்கைவிட உங்கள் பிடிவாதத்தைத்தான் சோதிக்கிறார்கள். போடக்கூடாது. மாற்றுக் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஃபியூஸ் ஏன் உருகியது என்று தேட வேண்டும்.

அதே போன்றதுதான் டிஃபிப்ரிலேட்டர் கேள்வியும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் அந்தக் கருவிக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. சில வகைகள் 360 ஜூல் வரை செலுத்தும். ஒரு கிலோ எடையைப் பன்னிரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. "பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், இப்போது திறக்கலாமா?" என்று கேட்டால், கூடாது. பிளக் போனாலும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கலாம், உள்ளே பேட்டரியும் இருக்கிறது. அதற்கான பயிற்சி பெற்றவர் சொல்லும் முறைப்படி மின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் உங்களிடமிருந்து அவர்கள் கேட்க விரும்பும் பதில், "எனக்கு இன்னும் அந்தப் பயிற்சி இல்லை, மூத்தவரைக் கேட்பேன்" என்பதுதான். நம் பிள்ளைகளுக்கு இது வாயில் வராது. 'தெரியாது' என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று பதினோரு ஆண்டுகள் நாங்களே பழக்கிவிட்டோம். தெரியாது என்று சொல்லி, யாரிடம் கேட்பேன், எந்தக் கையேட்டைப் பார்ப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்தே பேச வேண்டியிருக்கும், ஆகவே மேலே உள்ள பதில்களை அந்த மொழிகளில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்வது கணக்கில்லை. மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லலாம். மின்தடையை அளக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துவதையும், மின்னழுத்தத்தை அளக்கும் முன் கம்பி ஆம்பியர் துளையில் செருகியிருக்கிறதா என்று பார்ப்பதையும் அவர்கள் கவனிப்பார்கள். இரத்தம் பட்ட கருவி பட்டறைக்கு வந்தால், கையுறை அணிந்து, கிருமிநீக்கம் முடிந்த பிறகே தொட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கென 2012ஆம் ஆண்டின் சட்டம் 737 இருக்கிறது, பராமரிப்புக்கு எம்.எஸ். 2058 என்ற மலேசியத் தரநிலை இருக்கிறது. எண்களை ஒப்பிக்க வேண்டாம், அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால் போதும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கருவிகளில் ஒட்டியிருக்கும் சிறு வில்லைகளைப் பாருங்கள். கடைசியாகச் சோதித்த நாளும் அடுத்த சோதனை நாளும் அதில் இருக்கும்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள், இயற்பியலைக் கைவிடாதீர்கள். ஷா ஆலாம் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பொலிடெக்னிக்கில் மருத்துவ மின்னணுவியலுக்கென்றே டிப்ளோமா இருக்கிறது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகத் தொழில்நுட்ப வேலைகளுக்கு வருபவர்களும் உண்டு. 'டாக்டராக முடியாதவர்கள் போகிற வேலை' என்று யாராவது வீட்டில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டர் நம்பிப் படிக்கும் எண் சரியானதா என்று பார்ப்பவர் இவர்.

அந்த மாணவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நான்கு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் வந்தது. இந்த முறை நான் தாள் எதுவும் கொடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய மின்சுற்றில் வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றி வைத்து, கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறார் என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் எடுத்தது. மூன்றாம் நாள் பத்து நிமிடம்.

நேர்காணலின் முடிவில், "எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார்களாம். சம்பளம், விடுமுறை எல்லாம் கேட்கலாம், தவறில்லை. அவர் கேட்டது இது: "முதல் சில மாதங்களில் நான் சோதித்து முடித்த கருவியை, வார்டுக்குத் திரும்பப் போகும் முன் யார் மறுபடியும் சோதிப்பார்கள்?" மேசையின் ஓரத்தில் அதுவரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர், "நான்தான்" என்று கையைத் தூக்கினார். இப்போது அவரிடம்தான் என் மாணவர் வேலை பழகுகிறார்.